கடைசிச் சொல்

செவ்வாய் இரவுகளில்
தோ பாயோ சமூக மன்றத்தில்
கிரேக்கப் புராணம் படிக்கிறேன்.
பக்கத்து அறையில் சும்பா நடனம்.
ஒரு தெய்வம் காளையாக மாறும்போது
சுவர் அதிர்கிறது.

எட்டுப் பேர் வகுப்பு.
மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் ஃபைருஸ்
ஹெர்மிஸைத் தன் மேலாளர் என்கிறார்.
"சிறகு அவருக்கு, பெட்ரோல் எனக்கு."
காப்புறுதி விற்கும் பீ சூன்
பண்டோராவின் ஜாடியைப் படித்துவிட்டு
எந்தத் திட்டத்திலும் இது அடங்காது
என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.
நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
பத்தொன்பது ஆண்டு.
யாரும் ஒதுக்காமலே
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்
எக்கோ.

"லைன்ல எக்கோ அடிக்குது, வச்சுட்டுக் கூப்பிடு"
என்று எத்தனை முறை எரிந்துவிழுந்திருப்பேன்.
அது ஒரு பெண்ணின் பெயரென்று தெரியாது.

பேச்சுக்காரி. தேவராணி சபித்தாள்:
இனி நீயாக ஒரு சொல்லும் தொடங்காதே,
அடுத்தவர் பேச்சின் வால் மட்டும் உனக்கு.
சதை உதிர்ந்து எலும்பு கல்லான பிறகும்
குரல் கிடந்து உழன்றது மலையிடுக்கில்.

என் தொழிலில் அந்தச் சாபத்துக்குப் பெயர்
சத்தியப் பிரமாணம்.
அவன் சொன்னான் என்று சொல்லக் கூடாது,
நான் என்றே சொல்ல வேண்டும்.
அப்படி, நான் மனைவியை அறைந்திருக்கிறேன்.
வரி கட்டாத சிகரெட் விற்றிருக்கிறேன்.
அனுமதி முடிந்து பதினோரு மாதம்
காட்டுக்குள் பிளாஸ்டிக் விரிப்பில் தூங்கியிருக்கிறேன்.
ஐந்தரை மணிக்கு
சைனாடவுன் நிலையத்தில் ரயில் ஏறும்போது
எந்த நான் அட்டையைத் தட்டுகிறேன் என்று
ஒரு கணம் குழம்பும்.

புதன்கிழமை, ஏழாம் நீதிமன்றம்.
மதியரசன், இருபத்தாறு, அறந்தாங்கிப் பக்கம்.
பூன் லேயில் ஒரு கடை, ஒரு ஜோடிக் காலணி.
பக்கவாட்டில் அந்தக் கீற்று.
வெற்றித் தேவதையின் சிறகென்று
முந்தின இரவுதான் எழுதியிருந்தேன்.
அதைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

போட்டுப் பார்த்தேன், ஊரிலிருந்து போன் வந்தது,
பேசிக்கிட்டே வெளியே வந்துட்டேன்,
திருடவே இல்லைங்க, என்றான்.

தமிழ் மறுப்பைக் கடைசிவரை
கைக்குள் வைத்திருக்கும் மொழி.
வினையெல்லாம் தீர்ந்து மூச்சு முடியும் இடத்தில்தான்
இல்லை, மாட்டேன், கூடாது.
எக்கோ தமிழ் பேசியிருந்தால்
அவளிடம் மிஞ்சியிருப்பது
முழுக்க மறுப்பாகவே இருந்திருக்கும்.
ஆங்கிலத்தில் அந்த இல்லை
பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறது.
வாலை மட்டும் கேட்கிற காதுக்கு
திருட்டுதான் விழும்.

நான் முழுதாகத்தான் சொன்னேன்.
இல்லையை மட்டும்
ஒரு நூல் அழுத்தினேனோ?
அழுத்தியிருந்தால் அது குற்றம்.
என் குற்றத்தை யார் மொழிபெயர்ப்பார்?

அப்போது அவன் என் பக்கம் திரும்பினான்.
"அக்கா, நீங்க நம்புறீங்களா?"

விதி விதிதான்.
நீதிபதியைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் கேட்டேன்:
அக்கா, நீங்கள் நம்புகிறீர்களா?
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
குளிர்சாதனம் ஓடும் சத்தம்.
பத்தொன்பது ஆண்டில் முதல் முறையாக
நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டதுபோல் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் பதில் சொல்லக் கூடாது
என்று அவரிடம் சொல்லுங்கள், என்றார்.

"மொழிபெயர்ப்பாளர் பதில் சொல்லக் கூடாது," என்றேன்.
அன்று என்னைப் பற்றி நான் பேசிய
ஒரே வாக்கியம்.

தீர்ப்பு ஒத்திவைப்பு.

அடுத்த செவ்வாய், இடைவேளை,
காகிதக் கோப்பையில் கோப்பி.
ஃபைருஸிடம் சொன்னேன்.
கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்,
"அப்போ நீங்க நம்பினீங்களா?"
பக்கத்து அறையில் பாட்டு நின்றிருந்தது.
வாயைத் திறந்தேன்.

"நம்பினீங்களா?"